கம்பெனி சாவி யார் யார் கையில்? கசிந்த கடவுச்சொல்லைக் கணக்கெடுக்கும் பாடம்



போன மாதம் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா எங்களைத் தனியே கூப்பிட்டார். ஏழு வருடமாக ஊக்குநராக இருப்பவர். வரவு செலவில் ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குப் போகமாட்டார். அவர் கண் கலங்கி நின்று அன்றுதான் பார்த்தோம்.

"மேடம், எம் பொண்ணு தி.நகர்ல வேல பாக்குற ஆபீசுல பாஸ்வேர்டு என்னமோ வெளிய போயிடுச்சாம். லிஸ்டுல இவ பேரும் இருக்குதாம். திருடின்னு சொல்லி அனுப்பிடுவாங்களோன்னு ராத்திரி பூரா போன்ல அழுவுறா."

மகள் பி.காம். படித்தவள். பாண்டி பஜார் பக்கம் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். மயிலாப்பூரில் லேடீஸ் ஹாஸ்டல். அவள் படிப்புக்காக அம்மா குழுவில் வாங்கிய உள்கடனில் நாலு தவணை இன்னும் பாக்கி. அந்தத் தவணை மகள் சம்பளத்தில் இருந்துதான் வருகிறது.

அடுத்த வாரம் நாங்கள் வேறு வேலையாகச் சென்னை போக வேண்டியிருந்தது. அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு போனோம். கிளாம்பாக்கத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்து தி.நகர் போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிட்டது. மகளும், அவள் ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தம்பியும் சாப்பாட்டு நேரத்தில் நடேசன் பூங்காவுக்கு வந்தார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். அதில் தெரிந்துகொண்டதும், பிறகு நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இந்த மாதப் பாடம். நம் உறுப்பினர்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர் தி.நகர் கடைகளிலும், அடையாறு, தரமணி பக்கம் கம்பெனிகளிலும் வேலை பார்க்கிறார்கள். நம் கூட்டமைப்பு அலுவலகத்திலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதனால் இது பெரிய கம்பெனி சமாச்சாரம் என்று தள்ளிவிடாதீர்கள்.

பேர் வந்தால் திருடியா?

இல்லை. முதலில் இதைப் புரிந்துகொள்வோம்.

அந்தப் பெண் ரெண்டு வருடத்துக்கு முன்னால் ஆன்லைனில் துணி வாங்க ஒரு தளத்தில் பதிவு செய்திருக்கிறாள். கம்பெனி கொடுத்த இமெயில் முகவரியையே போட்டிருக்கிறாள். மறக்காமல் இருக்கட்டும் என்று கம்பெனி கம்ப்யூட்டரில் போடும் கடவுச்சொல்லையே அங்கேயும் போட்டாள். பிறகு அந்தத் துணிக்கடைத் தளத்தை யாரோ உடைத்து உள்ளே இருந்த மொத்தப் பட்டியலையும் தூக்கிப்போய்விட்டார்கள். அப்படித்தான் கம்பெனி பேரோடு அவள் முகவரி திருடர் பட்டியலில் ஏறியது. கம்பெனியை யாரும் உடைக்கவில்லை. ஆனால் கம்பெனிச் சாவி வெளியில் போய்விட்டது.

நம் குழுப் பணப்பெட்டியை நினைத்துப் பாருங்கள். மூன்று சாவி. ஒன்று ஊக்குநரிடம், மற்ற ரெண்டும் பிரதிநிதிகளிடம். பிரதிநிதி அக்கா பெட்டிச் சாவியைத் தன் வீட்டுச் சாவிக்கொத்திலேயே மாட்டியிருந்து, அந்தக் கொத்து சந்தையில் தொலைந்தால் என்ன ஆகும்? அவர் திருடவில்லை. ஆனால் பெட்டிக்கு ஆபத்து வந்துவிட்டது. அவரை உட்காரவைத்துத் திட்டுவதற்கு முன்னால் பூட்டை மாற்ற வேண்டும்.

"அப்போ அந்தத் துணிக்கடைல கடவுச்சொல்ல அப்படியேவா எழுதி வச்சிருப்பாங்க?" என்று அக்கா கேட்டார். நல்ல கேள்வி. ஒழுங்கான தளங்கள் அப்படியே எழுதி வைப்பதில்லை, அரைத்து வைக்கின்றன. அரிசியை மாவாக்கலாம். மாவை மறுபடி அரிசியாக்க முடியுமா? அதுபோலத்தான் இதுவும். நீங்கள் கடவுச்சொல்லைப் போடும்போது அதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்த்துக் கதவைத் திறக்கும். ஆனால் திருடனும் சும்மா இருப்பதில்லை. ஜனங்கள் வழக்கமாக வைக்கும் கோடிக்கணக்கான சொற்களைத் தானே அரைத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கிறான். சாமி பேர், பிள்ளை பேர், பிறந்த வருடம், 12345 எல்லாம் நிமிஷத்தில் மாட்டிக்கொள்ளும். சில தளங்கள் அரைக்காமலே வைத்திருந்து மாட்டியதும் உண்டு.

பட்டியல் கையில் வந்ததும் திருடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டமாட்டான். மெஷின் தட்டும். ஒரு தளத்தில் கிடைத்த சாவியை நூறு தளத்தில் போட்டுப் பார்க்கும். 2012-ல் டிராப்பாக்ஸ் என்ற பெரிய அமெரிக்க நிறுவனத்துக்கு இதுதான் நடந்தது. அதன் ஊழியர் ஒருவர் வேறொரு தளத்தில் போட்ட அதே கடவுச்சொல்லை ஆபீசிலும் வைத்திருந்தார். அந்தத் தளம் உடைந்தது, அவர் கணக்கும் திறந்துகொண்டது. அந்த வருடத் திருட்டில் 6 கோடியே 80 லட்சம் வாடிக்கையாளர்களின் முகவரியும், அரைத்து வைத்த கடவுச்சொல்லும் வெளியே போயிருந்தது என்று 2016-ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. நாலு வருடம் கழித்து!

சாவி வெளியே போக வேறு வழிகளும் உண்டு. போலிப் பக்கத்தில் நாமே தட்டிக்கொடுப்பது ஒன்று. இன்னொன்று இன்னும் மோசம். காசு கொடுக்காமல் கிடைக்கிறதே என்று திருட்டு சாஃப்ட்வேர், கேம் எதையாவது இறக்கினால் அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு உளவு நிரல் வரும். கம்ப்யூட்டர் 'ஞாபகம் வைத்துக்கொள்ளட்டுமா?' என்று கேட்டு வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறதே, அந்தக் கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் அது வாரிச் சுருட்டி அனுப்பிவிடும். அரைத்த மாவு இல்லை, முழு அரிசியே போய்விடும்.

மயிலாப்பூர் வரை வந்தது

மயிலாப்பூரில் கடற்கரையை ஒட்டி டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை முனையில் தமிழ்நாடு போலீஸ் தலைமை அலுவலகம் இருக்கிறது. நம் போலீஸ், முகத்தைப் போட்டோ எடுத்து ஆளை அடையாளம் காணும் மென்பொருள் ஒன்றை வைத்திருக்கிறது. 2024 மே மாதம் அதற்குள் வெளியாட்கள் நுழைந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. காவல்துறை கொடுத்த விளக்கம் என்ன? ஒரு நிர்வாகி கணக்கின் கடவுச்சொல் வெளியாள் கைக்குப் போயிருக்கிறது என்பதுதான். அந்தக் கணக்கால் புதுப் பயனாளர்களைச் சேர்க்கலாம், எத்தனை தேடல் நடந்தது என்று பார்க்கலாம், அதற்கு மேல் உரிமை இல்லை, கணக்கை நிறுத்திவிட்டோம் என்றும் சொன்னார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், போலீஸ் கணக்கெடுத்த விதம். 'யார் சாவி போனது?' என்பதோடு நிறுத்தவில்லை. 'அந்தச் சாவி எந்தக் கதவைத் திறக்கும்?' என்றும் பார்த்தார்கள். ஒரு நிறுவனத்துக்கு எவ்வளவு ஆபத்து என்பது இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

19 என்ற எண்ணை எப்படிப் படிப்பது?

அந்தத் தம்பி செய்ததைச் சொல்கிறோம். கம்பெனி தொடங்கியதில் இருந்து கொடுத்த இமெயில் முகவரி மொத்தம் 62. இப்போது வேலையில் இருப்பவர்கள் 45 பேர்தான். ஆனால் அவர் 62-ஐயும் எழுதினார். போனவர் முகவரியையும் சேர்த்து எழுதியதுதான் அவர் செய்த கெட்டிக்காரத்தனம்.

பிறகு தேடினார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ட்ராய் ஹண்ட் என்பவர் 2013-ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளம் இருக்கிறது. எந்தெந்தத் திருட்டுப் பட்டியலில் நம் முகவரி இருக்கிறது என்று அது சொல்லும். 'இந்தக் கம்பெனி பேர் எங்களுடையதுதான்' என்று நிரூபித்தால், கம்பெனி முகவரிகள் எல்லாவற்றையும் மொத்தமாகவும் பார்க்கலாம். கடவுச்சொல் எது என்று காட்டாது. எந்தத் தளம், எந்த வருடம், என்னென்ன விவரம் போனது என்று மட்டும் காட்டும். திருட்டுப் பட்டியலைக் காசு கொடுத்து வாங்கிப் பார்க்கலாமே என்று சிலர் கிளம்புவார்கள். அது திருட்டுப்பொருள் வாங்குவதுதான், வேண்டவே வேண்டாம்.

19 முகவரி வந்தது. இந்த எண்ணைக் கேட்டதும் முதலாளிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கணக்குப் பிரிவுப் பெண்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார். நம் அக்கா மகள் அழுதது அன்றைக்குத்தான்.

தம்பி மறுநாள் ஒவ்வொன்றாகப் பிரித்தார். 8 முகவரிகளில் பேரும் இமெயிலும் மட்டும்தான் போயிருந்தது, கடவுச்சொல் போகவில்லை. (அதற்காகச் சும்மா விடக்கூடாது. அவர்களுக்குப் போலி மெயில் வரும், சொல்லி வைக்க வேண்டும்.) 3 பேர் திருட்டுக்குப் பிறகு கடவுச்சொல்லை மாற்றியிருந்தார்கள். 6 பேர் வேலையை விட்டுப் போனவர்கள். மீதி 2 பேர் இன்னும் அதே கடவுச்சொல்லில் இருந்தார்கள். அந்த இரண்டில் ஒருத்திதான் நம் அக்கா மகள்.

'அதே கடவுச்சொல்தான்' என்று எப்படித் தெரிந்தது? கேட்டார், சொன்னாள். அவ்வளவுதான். நாங்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்தோம். முதலாளி திட்டிய மறுநாளே கேட்டும் அவள் உண்மையைச் சொன்னது அவள் நல்ல மனசு. எல்லாரும் சொல்வார்களா? தவணை கட்டாத உறுப்பினரைக் கூட்டத்தில் வைத்துக் கேவலப்படுத்தினால் அடுத்த கூட்டத்துக்கு அவர் வரமாட்டார். கடன் விவரமும் தெரியாது, பணமும் வராது. இது நமக்குப் பதினைந்து வருட அனுபவம். கடவுச்சொல் விஷயமும் அப்படியேதான். திட்டுகிற ஆபீசில் கணக்கெடுப்பு பொய்க்கணக்காகத்தான் முடியும்.

அடுத்து, சாவிகள் எதைத் திறக்கும் என்று பார்த்தார். அவள் கணக்கில் பில் பதியலாம், பார்க்கலாம். பணம் அனுப்ப முடியாது. மாற்றினால் தீர்ந்தது. இன்னொருவர் விற்பனைப் பிரிவில் இருப்பவர். வீட்டுக் கம்ப்யூட்டரில் பையன் ஏதோ ஓசி கேம் இறக்கி, உளவு நிரல் புகுந்திருந்தது. இவருக்குக் கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. அந்தக் கம்ப்யூட்டரையே துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் புதுச் சாவியும் அன்றைக்கே போய்விடும். திறந்து கிடக்கும் எல்லா இடத்திலும் அவரை 'வெளியேற்றி' மறுபடி நுழையவைக்கவும் வேண்டும்.

வேலையை விட்டுப் போன அந்த 6 பேரில் 5 கணக்கு மூடியிருந்தது. ஒன்று திறந்தே கிடந்தது! மூன்று வருடத்துக்கு முன்னால் போன ஒரு மேனேஜருடையது. வங்கி ஸ்டேட்மென்ட் வரும் மெயில் பெட்டியே அதில்தான். 19 பேரில் பெரிய ஓட்டை அதுதான். நிற்கவைத்துக் கேள்வி கேட்ட வரிசையில் அந்த ஆள் இல்லை.

இது ஏதோ சின்னக் கம்பெனியின் அசட்டை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் என்று ஒரு நிறுவனம். கிழக்குக் கடற்கரைப் பக்கத்துக்கு வேண்டிய பெட்ரோல், டீசலில் கிட்டத்தட்ட பாதி அதன் குழாயில்தான் போகிறது. 2021 மே மாதம் அந்தக் குழாயையே சில நாள் நிறுத்த வேண்டி வந்தது. பங்குகளில் கார்கள் வரிசைகட்டி நின்றன. திருடர்கள் நுழைந்தது யாரும் பயன்படுத்தாமல் மூடாமல் விட்ட ஒரு பழைய கணக்கு வழியாக. அதன் கடவுச்சொல் கசிந்த பட்டியல் ஒன்றில் இருந்தது. அது எளிதான கடவுச்சொல் இல்லை, சிக்கலானதுதான் என்று நிறுவனத் தலைவரே அமெரிக்க செனட்டில் சொன்னார். எவ்வளவு சிக்கலாக இருந்தால் என்ன, வெளியே போனபின் எல்லாம் ஒன்றுதான். அந்தக் கணக்குக்கு இரண்டாவது பூட்டும் இல்லை. நிறுவனம் கொடுத்த பணம் சுமார் 44 லட்சம் டாலர்.

இரண்டாவது பூட்டு என்பது நமக்குத் தெரிந்ததுதான். கடவுச்சொல் போட்டபின் போனில் வரும் ஓ.டி.பி. எண், அல்லது செயலியில் வரும் எண். சாவி திருடுபோனாலும் இந்தப் பூட்டு தடுக்கும். நம் பணப்பெட்டிக்கு மூன்று சாவி வைத்தவர்கள் இதைத்தான் அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

திருடன் சொல்வது சாட்சியா?

நம்மில் பலர் கண்காட்சிக்கும் பயிற்சிக்கும் போய் வந்த அன்னை தெரசா மகளிர் வளாகம், வள்ளுவர்கோட்டம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. நம் மகளிர் மேம்பாட்டு நிறுவனமும் அங்கேதான். சென்னையில்தான் ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகமும் இருக்கிறது. 2024 செப்டம்பரில் அதன் வாடிக்கையாளர்களின் மருத்துவ விவரங்கள் டெலிகிராம் செயலியில் கேட்டால் கிடைக்கிறது என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. 3 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடன் சொன்னான். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை உத்தரவு வாங்கியது. நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியே தனக்கு விற்றார் என்றும் அந்தத் திருடன் சொன்னான். விசாரணையில் அவர் தவறு செய்ததாக எதுவும் தெரியவரவில்லை, அவர் ஒத்துழைக்கிறார் என்று நிறுவனம் அப்போது சொன்னது.

நாங்கள் இதை எழுதுவது ஒரு காரணத்துக்காக. சாவி யாருடையதோ அவர்தான் திறந்தார் என்று ஆகாது. திருடன் சொன்ன பேர் உண்மை என்றும் ஆகாது. எந்தக் கணக்கு, எத்தனை மணிக்கு, எங்கிருந்து, எதைத் திறந்தது என்று கம்ப்யூட்டரில் பதிவேடு இருக்கும். அதைப் பார்த்துத்தான் பேச வேண்டும். வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: யாராவது மிரட்டி 'நான்தான் கொடுத்தேன்' என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால் கையெழுத்துப் போடாதே. 'பதிவேட்டைப் பார்க்கலாம் சார்' என்று சொல். நடந்ததை மட்டும் எழுதிக் கொடு.

சட்டமும் கம்பெனியைத்தான் முதலில் கேட்கிறது. இப்படிப்பட்ட சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் 'செர்ட்-இன்' என்ற மத்திய அரசு அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்பது 2022-ல் வந்த உத்தரவு. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. மக்களின் விவரத்தைச் சரியாகப் பாதுகாக்காத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது.

அக்கா மகள் வேலையில் இருக்கிறாள். சம்பளம் பிடிக்கவில்லை. முதலாளி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறோம். இப்போது அங்கே யார் புதுக் கடவுச்சொல் வைத்தாலும் அது கசிந்த பட்டியலில் இருக்கிறதா என்று கம்ப்யூட்டரே பார்த்துவிடுகிறதாம். 'அப்படின்னா நம்ம சொல்ல அந்தத் தளத்துக்கு அனுப்பணுமே?' என்று நாங்கள் கேட்டோம். தம்பி சிரித்தார். மாவில் ஒரு சிட்டிகைதான் அனுப்புவோம், அந்தச் சிட்டிகைக்கு ஒத்து வருகிற எல்லா மாவையும் அவர்கள் திருப்பி அனுப்புவார்கள், ஒப்பிடுவது நம் வீட்டிலேயே நடக்கும் என்றார். அரிசி மாவு உதாரணம் நாங்கள் சொன்னது, அதை வைத்தே எங்களுக்குப் பாடம் எடுத்துவிட்டார்.

நம்ம ஆபீசுக்கு வருவோம்

ஊருக்குத் திரும்பியதும் நம் கூட்டமைப்பு அலுவலகத்தையும் இதேபோலக் கணக்கெடுத்தோம். வெட்கத்தோடுதான் எழுதுகிறோம். கம்ப்யூட்டர் ஒன்று, இமெயில் ஒன்று, அரசுத் தளத்தில் குழு விவரம் பதியும் கணக்கு ஒன்று, வங்கி நெட் பேங்கிங் ஒன்று. நாலுக்கும் ஒரே கடவுச்சொல். கூட்டமைப்பின் பேர், பக்கத்தில் தொடங்கிய வருடம். காலண்டருக்குப் பின்னால் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தது. இதுவரை வேலையை விட்டுப் போன கணக்காளர் நாலு பேருக்கும் அது தெரியும்.

மூன்று நாளில் மாற்றினோம். நாலுக்கும் வேறு வேறு கடவுச்சொல், ஒவ்வொன்றும் சம்பந்தமில்லாத நாலு சொற்களைச் சேர்த்தது. எழுதி உறையில் போட்டு ஒட்டி, பணப்பெட்டிக்குள் வைத்தாயிற்று. மூன்று பேர் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். யாராவது வேலையை விட்டால் அன்றைக்கே மாற்ற வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்திலும் எழுதியாயிற்று.

வங்கிக் கணக்கில்தான் இழுத்துவிட்டது. ஓ.டி.பி. போகும் செல் நம்பர் யாருடையது என்று பார்த்தால், கல்யாணமாகித் திருப்பூர் போன பழைய கணக்காளருடையது. நம்பர் மாற்றத் தீர்மான நகல், பொறுப்பாளர்கள் கையெழுத்து, போட்டோ என்று மூன்று தடவை நடந்தோம். அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டோம். "ஆமாங்க மேடம், ரெண்டு வருசமா வந்துகிட்டேதான் இருக்குது. என்ன ஏதுன்னு தெரியல, அழிச்சிடுவேன்" என்றாள். அவள் அழித்தாள். வேறு யாராவதாக இருந்தால்?

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் பாஸ்புக்கைக் கொண்டு வாருங்கள். வங்கியில் உங்கள் குழுக் கணக்குக்குக் கொடுத்திருக்கும் செல் நம்பர் எது, அந்த சிம் இப்போது யார் போனில் இருக்கிறது என்று விசாரித்து ஒரு தாளில் எழுதி வாருங்கள். கடவுச்சொல், ஓ.டி.பி. எதையும் அதில் எழுத வேண்டாம், எங்களிடமும் சொல்ல வேண்டாம். இதற்குள் யார் கணக்கிலாவது பணம் போனதாகத் தெரிந்தால் கூட்டம் வரட்டும் என்று காத்திராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.